புகைபிடிப்பவரின் ஃபீனோ எண்ணை அப்படியே நம்பலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்துமாவுக்கான மூச்சுப் பரிசோதனை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ஃபீனோ எண் குறைவாக இருந்தால் மூச்சுக்குழாயில் அழற்சி இல்லை என்கிறது. பீடியோ சிகரெட்டோ பிடிக்கும் ஆஸ்துமாக்காரர் அதை அப்படியே நம்பி இன்ஹேலரை நிறுத்திவிடுவாரோ என்ற கவலையில் எழுதுகிறேன்.

ஃபீனோ கருவி, வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு நூறு கோடியில் எத்தனை பங்கு என்று அளக்கிறது. பெரியவர்களுக்கு 25-க்குக் கீழே இருந்தால் குறைவு, 50-க்கு மேல் போனால் அதிகம் என்பது 2011-இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் வகுத்த வரம்பு. இயோசினோஃபில் என்ற வகை வெள்ளையணுக்கள் மிகுந்த அழற்சியில் மூச்சுக்குழாயின் உட்படலம் இந்த வாயுவை அதிகம் உண்டாக்கும். சிகரெட் புகையிலோ அதே வாயு ஏற்கெனவே மிக அதிகம். அது நாள்தோறும் உள்ளே போவதால் உடல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அழற்சி தணியாமலே எண் இறங்கிவிடும்.

பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து புகைக்கக் கூடாது, சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்பார்கள். அந்த ஒரு மணி நேரம் கடைசி சிகரெட்டின் உடனடி விளைவைத்தான் ஓரளவு நீக்கும். பல வருடப் பழக்கம் இறக்கிவைத்த எண் அதனால் ஏறிவிடாது. கீரை, பீட்ரூட் போன்றவை எண்ணை ஏற்றிக் காட்டும். நுரையீரல் செயல்திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனைக்காகப் பலமாக ஊதினால் எண் சற்று நேரம் குறையும். ஆகவே ஃபீனோவை முதலில் எடுக்க வேண்டும். ஊதும் வேகமும் நொடிக்கு 50 மில்லி என்று சீராக இருக்க வேண்டும். வேகம் கூடினால் எண் குறையும்.

சளிப் பரிசோதனையிலும் சிக்கல் உண்டு. புகைப்பவர் சளியில் நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளையணு கூடி, இயோசினோஃபில் விகிதம் தாழ்ந்து தெரியலாம். ஸ்டீராய்டு இன்ஹேலரும் இவர்களுக்கு எதிர்பார்த்த அளவு வேலை செய்வதில்லை. அதனால் ஒரே எண்ணை வைத்து மருந்தைக் குறைக்காமல், ரத்த இயோசினோஃபில், ஸ்பைரோமெட்ரி, இரவில் வரும் இருமல், வீசிங் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆய்வகங்கள் ஃபீனோ அறிக்கையில் இரண்டு வரி சேர்த்தாலே பெரிய உதவி: நாளொன்றுக்கு எத்தனை சிகரெட் அல்லது பீடி, கடைசியாகப் புகைத்தது எத்தனை மணிக்கு. வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. அதட்டாமல் கேட்டால் சொல்வார்கள்.

புகையை விட்ட பிறகு ஃபீனோ ஏறுவது உண்டு. மற்ற அறிகுறிகள் மோசமாகாத நிலையில் அந்த ஏற்றத்தை மட்டும் பார்த்து நோய் முற்றிவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம். கிளாஸ்கோவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், புகையை விட்ட ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆறே வாரத்தில் நுரையீரல் செயல்திறன் உயர்ந்தது, சளியில் நியூட்ரோஃபில் குறைந்தது. ஃபீனோ ஏறக்கூடும் என்பதை விட்டவர்களிடம் மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இப்படிக்கு,
நுரையீரல் செயல்பாட்டு ஆய்வக ஊழியர்,
மதுரை