பால்காரரிடம் யாரும் சொல்லவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரக் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் பந்தயத்துக்காகத் தன் காரை நாற்பது நிமிடம் மறித்துவிட்டார்கள், முகூர்த்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை என்று எழுதியிருந்தார். "பொழுது போகாதவர்கள் விளையாடப் பொதுச்சாலைதான் கிடைத்ததா?" என்றும் கேட்டிருந்தார். அன்று அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டியவர்களில் நானும் ஒருத்தி. அவர் கோபம் நியாயம்தான். தங்கை கல்யாணத்துக்குப் போகிற வழியில் என்னை நிறுத்தியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். ஆனால் அன்று நடந்ததில் அவருக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது.

எனக்கு 43 வயது. செங்கல்பட்டு மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. பந்தய சைக்கிள் ஓட்டத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி சுவரில் சாய்ந்தே கிடக்கும். மழை ஓய்ந்து, பொங்கலும் முடிந்தபிறகுதான் பந்தயங்கள் தொடங்கும். பங்குனி வெயில் வந்துவிட்டால் நீண்ட தூரம் ஓட்ட முடியாது. ஆகவே தை மாதத்தின் முதல் பந்தயத்துக்கு நாங்கள் எவ்வளவு ஆசையாகக் காத்திருப்போம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் நாள் இரவு செயினுக்கு எண்ணெய் விட்டு, சட்டையில் பந்தய எண் அட்டையைக் குத்திவைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே புறப்பட்டு, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, முப்பது கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். பெண்கள் ஏழு பேர்தான். அதனால் நாற்பது வயதைக் கடந்த ஆண்களோடு சேர்த்து அனுப்பினார்கள். போகும்போது காற்று முதுகில் இருந்தது. பாலத்தின் மேல் ஏறியபோது கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. நாற்பது வண்டிகளின் செயின் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் நான் மூன்று மாதம் மழைக்கு நடுவே காத்திருந்தேன்.

திரும்பும்போது வடகிழக்குக் காற்று முகத்தில் அடித்தது. பந்தயத்தைத் தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்குப் புரியாத ஒன்று இங்கேதான் இருக்கிறது. வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் நம் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் ஒட்டி வருகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அதற்காகத்தான் நம் முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி விடாமல் போகிறோம். பள்ளம் வந்தால் முன்னே போகிறவர் கையைக் கீழே நீட்டிக் காட்டுவார், அது ஒவ்வொருவராகக் கடைசிவரை போகும். ஒருவர் பிரேக் பிடித்தால் அத்தனை பேரும் பிடிக்க வேண்டும். சக்கரத்தோடு சக்கரம் உரசினால் விழுகிறவர் பின்னால் வருகிறவர்தான்.

முடிவுக்கோட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போது, இடது பக்கம் ஊருக்குள்ளிருந்து வரும் சின்னச் சாலையிலிருந்து பால் கேன்களோடு ஒரு பைக் எங்களுக்கு எதிரே ஏறிவிட்டது. "வண்டி! வண்டி!" என்று முன்னால் கத்தினார்கள். எனக்கு முன்னால் மூன்றாவதாகப் போன தம்பியின் சக்கரம் உரசியது. நான் மண்ணில் இறங்கித் தப்பினேன். அவர் தோள் தரையில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காறை எலும்பு முறிந்துவிட்டது.

அந்தப் பால்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு கேனின் மூடி கழன்று, பால் வெள்ளையாகத் தார்ச்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. "தெனமும் இப்படித்தாம்மா வருவேன். யாரும் சொல்லலையேம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எதிர்ப்பக்கமாக ஏறியது தவறுதான். ஆனால் அவர் சொன்னது உண்மை, அவரிடம் யாரும் சொல்லவில்லை. பெரிய சந்திப்புகளில் முதல் ஆள் புறப்பட்டதிலிருந்து கடைசி ஆள் வரும்வரை எல்லா வண்டிகளையும் மறித்துவைத்திருக்கிறார்கள். ஊர்ச்சாலைகள் வந்து சேரும் இடங்களில் கொடியோடு ஒரு ஆள்கூட இல்லை. உங்கள் வாசகரை நாற்பது நிமிடம் நிறுத்தியதும் அந்தத் தம்பி விழுந்ததும் ஒரே கோளாறுதான்.

இதற்கு வழி இருக்கிறது. ஐரோப்பாவில் சாலைப் பந்தயங்கள் பலவற்றில் கொடி கட்டிய கார் ஒன்று முன்னே போகும், மோட்டார் சைக்கிள்கள் தாவித் தாவி முன்சென்று அடுத்தடுத்த சந்திப்புகளை மூடும். கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் வண்டிக்குத் துடைப்ப வண்டி என்றே பெயர். அது கடந்ததும் சாலை திறந்துவிடும். எங்களைப் போல நாற்பது, ஐம்பது பேர் கூட்டம் என்றால் ஓர் இடத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் யாரையும் நிறுத்த வேண்டியிருக்காது. நம் ஊரிலும் இது முடியாத காரியம் இல்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டிக்கு என் மாணவர்களை அழைத்துப் போகிறேன். சாதாரண சைக்கிளில் 13 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 15 கிலோமீட்டர், பெண் பிள்ளைகளுக்கு 10. நான் போன வருடங்களில் எல்லாம், முனைக்கு முனை காவலர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் நின்று பிள்ளைகளைப் பத்திரமாகக் கடக்கவிட்டார்கள். பெரியவர்கள் பந்தயத்துக்கு மட்டும் அந்தக் கவனம் ஏன் வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சாலைப் பந்தயத்துக்கும் பத்திரிகைக்கும் பழைய உறவு உண்டு. 1903-இல் பிரான்ஸில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கியது 'லோட்டோ' என்ற விளையாட்டு நாளிதழ். பத்திரிகை நன்றாக விற்க வேண்டுமே என்று யோசித்துக் கண்ட வழி அது. முதல் வருடம் ஜெயித்த மொரீஸ் காரன் சின்ன வயதில் புகைபோக்கி சுத்தம் செய்தவர். 1909-இல் இத்தாலியில் 'ஜீரோ தி இத்தாலியா' என்ற சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கியதும் ஒரு நாளிதழ். அது இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகும் என்பதால், முன்னணியில் இருப்பவருக்கு இன்றுவரை இளஞ்சிவப்புச் சட்டை. பெல்ஜியத்தில் வருடத்தின் சாலைப் பந்தயங்களைத் தொடங்கிவைக்கும் போட்டிக்கே ஒரு நாளிதழின் பெயர்தான்.

பந்தயம் நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. எந்தச் சாலை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று சனிக்கிழமை இதழில் இரண்டு வரி போட்டால் போதும். கல்யாணத்துக்குப் போகிறவர் அரை மணி முன்னதாகக் கிளம்புவார். பத்திரிகை படிக்காதவர்களுக்கு, வழியில் உள்ள ஊர்களின் டீக்கடைகளில் ஏற்பாட்டாளர்கள் நோட்டீஸ் ஒட்டட்டும், முந்தின மாலை ஒரு ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லட்டும்.

அடுத்த பந்தயம் மாசியில் இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டேன். இந்த முறை ஊர்ச்சாலை முனைகளில் கொடியோடு நிற்க, எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் பன்னிரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள். அந்தப் பால்காரரின் ஊர் முனையில் நிற்கப்போகிறவன், முதல் நாளே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செங்கல்பட்டு மாவட்டம்.