கின்சாசா – பிரசாவில் பாலத்தைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் பொறுப்பாளர்களுக்கும் இரு காங்கோ நாடுகளின் அரசுகளுக்கும் வணக்கம்.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரான கின்சாசாவின் கரையில் நின்றால், எதிர்க்கரையில் காங்கோ குடியரசின் தலைநகரான பிரசாவில் நகரின் கட்டடங்கள் தெரிகின்றன. இரண்டு தலைநகரங்கள் இவ்வளவு அருகில் இருந்தும், இடையே ஓடும் காங்கோ ஆற்றைக் கடக்க மக்கள் இன்றும் படகையே நம்பியிருக்கிறார்கள். ஆகவே, 1,575 மீட்டர் நீளத்தில் இருவழிச் சாலையும் ஒற்றை ரயில் பாதையும் நடைபாதையும் கொண்டு, கட்டணம் செலுத்திக் கடக்கும் பாலத்துக்காக 2018 நவம்பரில் ஜொகானஸ்பர்க்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

என் கவலையெல்லாம் படகுத்துறையில் பிழைப்பவர்களைப் பற்றியது. போலியோவால் கால்கள் செயலிழந்த பலர், 1970களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைத்த படகுக் கட்டணச் சலுகையையும் சுங்க வரித் தளர்வையும் பற்றுக்கோடாகக் கொண்டு, கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிகளில் மூட்டைகளை ஏற்றிக் கரை மாற்றும் வணிகத்தைத் தாங்களே கட்டி எழுப்பினார்கள். வண்டியைத் தள்ளுபவர்கள், மூட்டை சுமப்பவர்கள் என்று அவர்களை அண்டியும் பலர் வாழ்கிறார்கள். பிச்சை எடுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டிருக்கக்கூடியவர்கள் வணிகர்களாகத் தலைநிமிர்ந்த இடம் அந்தத் துறை.

பாலமோ, இரு நகரங்களுக்கும் இடையே ஆறு ஏரிபோல் விரியும் மலேபோ நீர்ப்பரப்பைத் தாண்டி, ஆற்றோட்டத்தின் மேல்பக்கத்தில் ஆறு ஒடுங்கும் மலுக்குப் பகுதியில், நகரத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கும் அப்பால் வரவிருக்கிறது. பொறியியல் நோக்கில் அந்த இடத் தேர்வை நான் குறைகூறவில்லை. ஆனால் லாரி ஒரு மணி நேரத்தில் கடக்கும் அந்தத் தொலைவைக் கைவண்டி எப்படிக் கடக்கும்? கின்சாசா தரப்பின் மட்டாடித் துறைமுகத்தின் சரக்கு பிரசாவில் தரப்பின் புவாந்த்-நுவார் துறைமுகத்துக்குப் போய்விடும் என்ற அச்சம் பலமுறை விவாதிக்கப்பட்டுவிட்டது. துறைமுகத்துக்காகப் பேச அமைச்சர்கள் இருக்கிறார்கள்; இந்த வண்டிக்காரர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

எனவே, பாலம் திறந்த பின்னும் நகரங்களுக்கு இடையிலான படகுச் சேவை நிறுத்தப்படாது என்பதையும், அதில் இவர்களுக்குள்ள சலுகைகள் தொடரும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பாலத்தின் நடைபாதை மூன்று சக்கர வண்டி சரக்குடன் செல்லுமளவுக்கு அகலமாக இருக்கட்டும். அந்த வண்டிகளுக்குப் பாலக் கட்டணம் வேண்டாம். வரைபடங்களை இறுதி செய்வதற்கு முன், கின்சாசாவின் ந்கோபிலா படகுத்துறைக்கு நேரில் சென்று, அங்குள்ள வணிகர்களின் சங்கங்களை அழைத்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
இத்திட்டத்தை அக்கறையுடன் கவனித்துவரும் ஒருவன்