525 மடங்கு என்னும் மயக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறையில் ஜார்ஜ்டவுன் கடையொன்றில் என் பேரனுக்கு வாங்கிய தொலைநோக்கியின் பெட்டியில் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். முன்வில்லையின் விட்டம் 60 மில்லிமீட்டர்தான் என்பது பொடி எழுத்தில் இருந்தது. அன்றிரவு சனிக்கோளை உச்ச உருப்பெருக்கத்தில் பார்த்த பேரன், “தாத்தா, கண்ணாடி அழுக்கா இருக்கா?” என்று கேட்டான். அழுக்கில்லை. கண்ணருகு வில்லையை மாற்றி 35 மடங்குக்கு இறக்கியதும், வளையம் சிறிதாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தது.

ஒளி அலையாகப் பரவுவதால், வில்லையின் வட்ட விளிம்புக்குள் நுழைந்து வரும்போது சற்றே விரிந்து, புள்ளியாக இருக்க வேண்டிய விண்மீனை நடுவில் சிறு வட்டாகவும் சுற்றிலும் மங்கிய வளையங்களாகவும் ஆக்கிவிடுகிறது. 1835-இல் ஆங்கில வானியலாளர் ஜார்ஜ் ஏரி கணக்கிட்டுக் காட்டிய இந்த விளிம்பு விளைவை, எவ்வளவு நேர்த்தியாக மெருகேற்றிய வில்லையாலும் தவிர்க்க முடியாது. 60 மில்லிமீட்டர் வில்லையால் நிலவில் சுமார் 4 கிலோமீட்டருக்கும் நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது, 2.4 மீட்டர் ஆடி கொண்ட ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிக்கே, கண்ணுக்குத் தெரியும் ஒளியில், அந்த எல்லை ஏறத்தாழ 100 மீட்டர். பிரியாததை 525 மடங்கு பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும்.

இதைப் பேரனுக்குக் காட்ட, அட்டையில் 2 சென்டிமீட்டர் துளையிட்டு முன்வில்லையின்மேல் பொருத்தி, பிரகாசமான விண்மீனொன்றை 175 மடங்கில் பார்க்கச் சொன்னேன். வில்லையின் வாயைச் சுருக்கினால் விண்மீனும் சுருங்கும் என்று எண்ணியிருந்தான். அதுவோ பருத்து, தன்னைச் சுற்றி ஒரு வளையத்தையும் காட்டியது. அவன் அட்டையை எடுத்தும் வைத்தும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒளியை வெறும் அலை என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. படக்கருவியின் உணரி ஒளியை ஃபோட்டான் என்னும் தனித்தனித் துகள்களாகவே பெறுகிறது. ஆயினும் அந்தத் தனித்தனிப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் சேரும்போது அதே வட்டும் வளையமும் எழுகின்றன. 1909-இல் ஆங்கில இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர், மிக மிக மங்கிய ஒளியில் ஓர் ஊசியின் நிழலை ஏறக்குறைய 2000 மணி நேரம் படத்தகட்டில் பதித்தபோதும், நிழலோரத்தில் எழும் விளிம்பு விளைவு வரிகள் கூர்மை குன்றவில்லை. ஐம்பது வயதுக்குமேல் இதை மீண்டும் படித்தபோதும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் இதனைப் படங்களுடன் விளக்கி எழுதினால், அடுத்த விடுமுறையில் தொலைநோக்கி வாங்கச் செல்லும் பெற்றோர், பெட்டியின் மடங்கு எண்ணை விட்டுவிட்டு வில்லையின் விட்டத்தைக் கேட்டு வாங்குவார்கள். விட்டத்தையும் அதே கொட்டை எழுத்தில் அச்சிடுமாறு விற்பனையாளர்களைத் தாங்கள் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு