புயல் விட்ட மற்ற நாள்

தம்பி,

இங்க எல்லாரும் சுகம். அப்பாட பிரஷர் குறைஞ்சிருக்கு, மாமி வெள்ளவத்தை ஃபிளாட்டை வித்திட்டா, மற்றபடி புதினம் ஒண்டுமில்லை.

நீ குடும்பக் குறூப்ல போட்ட படம் பாத்தன் ராசா. ஜாக்கெட்டும் நீல வானமும் வடிவா இருக்கு, கீழ்வீட்டு அன்ரிக்கும் காட்டினன், என்ர பிள்ளை கனடாவில ரோஜர்ஸ் பாஸ் எண்ட மலைக் கணவாயில நிக்கிறான் எண்டு. பிறகு படத்தைப் பெரிசாக்கிப் பாத்தா உன்ர ஸ்கீட நுனியில இருந்து ஸ்னோவில ஒரு வெடிப்பு ஓடுது. அதைப் பற்றி நீ ஒரு சொல்லும் எழுதேல்ல, அண்டையில இருந்து ஆக்களோட கதைக்கிறதும் குறைஞ்சு போச்சு.

அம்மாக்கு உதுகள் விளங்காது எண்டு நினைக்காத. பனிச்சரிவு ஆபத்தைப் பற்றி அவலாஞ்ச் கனடா உங்கட பின்னேரம் 4 மணிக்குப் போடுற ரிப்போர்ட் இங்க விடிய 5.30க்கு வருது, தேத்தண்ணிக்கு முதல் அதைத்தான் பாக்கிறன். அண்டைக்கு அஞ்சில 3, கன்சிடரபிள். ஆள் போய் மிதிச்சாலே சரியக்கூடிய நாள். புயல் விட்டு வானம் வெளிச்ச உடனதான் எல்லாரும் வெளிக்கிடுறீங்கள், ஆனா புதுசா விழுந்ததின்ட பாரம் இன்னும் இறுகேல்ல, காத்து அள்ளிக்கொண்டு போய் மறுபக்கச் சரிவில குவிச்சு வைச்சிருக்கும், அடியில பழைய படை சீனி மாதிரி உதிரியா கிடந்தா மேல இருக்கிறது ஒரேயடியா பலகையாக் கழண்டு வரும். 30 பாகையில இருந்து 45 வரைக்கும் உள்ள சரிவுதான் ஆகலும் கூடாதாம். உங்களுக்கு ஸ்கீ ஓட விருப்பமானதும் அதே சரிவுதானே!

ஸ்னோ படை கழருதோ எண்டு பாக்க நீ குழி வெட்டி, 30 சென்ரிமீட்டர் ஸ்னோத் தூணா நிப்பாட்டி, சவளை மேல வைச்சு மணிக்கட்டால 10, முழங்கையால 10, தோளால 10 எண்டு தட்டிப் பாக்கிறதை வீடியோவில காட்டினாய், எனக்குச் சரியான பெருமை. ஆனா அது அந்த ஒரு இடத்துக்கு மட்டும்தான், கொஞ்சம் தள்ளிப் போனா வேற கதை. வெடிப்பு ஓடினா, காலுக்குக் கீழ வும்ப் எண்டு சத்தம் கேட்டா, அதுக்கு மேல என்ன ரெஸ்ற் வேணும்? 1910 மார்ச் 4 அதே பாஸ்ல தண்டவாளத்தில விழுந்த பனிச்சரிவை அள்ளிக்கொண்டு நிண்ட 58 பேரும் எதிர்ப்பக்க மலையில இருந்து வந்த அடுத்த சரிவிலதான் செத்தது. இங்க மலைநாட்டுக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டா நாங்க நுவரெலியா ட்ரிப்பையே கான்சல் பண்ணுறனாங்க, ஒருத்தரும் பயந்தாங்கொள்ளி எண்டு சொன்னதில்லை.

உன்ர குணம் எனக்குத் தெரியும். நாலு பேர் மேல போவம் எண்டா நீ வாய் திறக்க மாட்டாய், சின்னனிலயும் அப்படித்தான். அவங்கள் நல்ல பெடியளா இருக்கலாம், உன்னை விட அனுபவம் கூட இருக்கலாம், ஆனா அங்க பிறந்தவங்கள் எண்டதுக்காக அவங்கட சொல்லு எப்பவும் சரியெண்டில்லை. உன்ர மனசு வேண்டாம் எண்டா திரும்புவம் எண்டு சத்தமாச் சொல்லு. சொல்லு ராசா.

ஆள் மூடுப்பட்டா சிக்னல் குடுக்கிற பீக்கன், குத்திப் பாக்கிற புரோப் கம்பி, சவள் மூண்டும் எல்லாரிட்டயும் இருக்கோ எண்டு கார்லயே பார், பற்றரியையும் பார். ஸ்னோவில மூடுப்பட்டா 10 நிமிசத்துக்குப் பிறகு உயிர் தப்புற சான்ஸ் நல்லாக் குறையுது, வெளியில இருந்து ஹெலி வாறதுக்குள்ள பக்கத்தில நிக்கிறவன்தான் தோண்ட வேணும். ஒரு நேரத்தில ஒராள் இறங்குங்கோ. வெடிப்பைக் கண்டா திரும்புங்கோ.

அண்டைக்கு என்ன நடந்ததெண்டு எனக்கு எழுது, அப்பாக்குச் சொல்ல மாட்டன். உன்னோட போற பெடியள் ஒராளின்ட நம்பரையும் அனுப்பி வை, சும்மா எடுத்துக் கரைச்சல் தரமாட்டன்.

அம்மா