விசா கிடைத்த பின்னும் ஒரு வேலை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சில் மேற்படிப்புக்கு உள்ள வாய்ப்புகள் குறித்துத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கல்லூரிச் சேர்க்கை, கட்டணம், நேர்காணல், விசா விண்ணப்பம் என்று அனைத்தையும் பொறுமையாக விளக்கும் அக்கட்டுரைகள், விசா கைக்கு வந்ததும் முடிந்துவிடுகின்றன. பிரான்சுக்கு வந்து இறங்கிய மூன்று மாதங்களுக்குள் அந்த விசாவை இணையவழியே செல்லுபடியாக்க வேண்டும் என்ற சட்டக் கடமையைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட நான் கண்டதில்லை. 2030ஆம் ஆண்டுக்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பது தங்கள் இலக்கு என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் 2024 சனவரியில் அறிவித்திருக்கும் நிலையில், வருகிறவர்களின் தொகை இனி கூடவே செய்யும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஓராண்டுக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ வழங்கப்படும் நீண்ட கால விசாக்களில் பெரும்பாலானவை, தாமே வதிவிட அனுமதியாகவும் செயல்படும் வகையைச் சேர்ந்தவை. 2009இல் இம்முறை நடைமுறைக்கு வந்தது. மாணவர், ஊழியர், பிரெஞ்சுக் குடிமகனின் மனைவி அல்லது கணவர், வருகையாளர் எனப் பல பிரிவினருக்கும் இவ்விசாவே தரப்படுகிறது. ஆனால் நாட்டுக்குள் நுழைந்த பிறகு உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிவு செய்து உரிய வரியைச் செலுத்தினால்தான் அது வதிவிட அனுமதியாக மாறும். அவ்வாறு செய்யாதவர், கடவுச்சீட்டில் ஓராண்டுக்கான விசா ஒட்டப்பட்டிருந்தாலும், மூன்று மாதம் கடந்ததும் உரிய அனுமதியின்றித் தங்கியிருப்பவராகவே கருதப்படுவார். ஊருக்கு ஒரு திருமணத்துக்கோ துக்கத்துக்கோ போனால் அந்த விசாவை வைத்துக்கொண்டு ஷெங்கன் எனப்படும் ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லைக்குள் மீண்டும் நுழைய அவருக்கு உரிமையில்லை.

இத்தனை பெரிய விளைவை உடைய இந்தப் பணி, செய்வதற்கு மிகவும் எளியது. விசாவில் அச்சிட்டுள்ள எண், அது வழங்கப்பட்ட நாள், தொடங்கும் நாள், முடியும் நாள், கடவுச்சீட்டு எண், பிரான்சுக்குள் நுழைந்த தேதி, தங்கியிருக்கும் முகவரி, ஒரு மின்னஞ்சல் முகவரி ஆகியவை போதும். வரியை வங்கி அட்டை மூலம் அதே அமர்வில் கட்டலாம். வந்த புதிதில் பிரெஞ்சு வங்கிக் கணக்கு இல்லாதவர்கள், தபா எனப்படும் புகையிலைக் கடைகளில் ரொக்கம் கொடுத்து மின்னணு வரிமுத்திரை வாங்கி, அதிலுள்ள 16 இலக்க எண்ணைத் தளத்தில் பதியலாம். கடந்த சில ஆண்டுகளாக இவ்வரி மாணவர்களுக்கு 50 யூரோவும் மற்றவர்களில் பெரும்பாலோருக்கு 200 யூரோவுமாக இருந்து வந்தது. வரவுசெலவுச் சட்டங்களால் இது மாறக்கூடியது என்பதால், கட்டும் அன்று தளம் காட்டும் தொகையையே நம்ப வேண்டும். பணம் ஏற்கப்பட்டதும் விசா பதிவு செய்யப்பட்டதற்கான உறுதிச் சான்று கிடைக்கும். அதைத் தரவிறக்கி, அச்செடுத்து, கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நீண்ட கால விசாவுடன் வருகிற ஒருவருக்கு விசாவுக்கு அடுத்தபடியாக முக்கியமான ஆவணம் அதுவே.

எல்லா நீண்ட கால விசாவுக்கும் இந்த நடைமுறை பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விசாவின் கீழ்ப்பகுதியில், குறிப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில், சிறிய எழுத்தில் பிரெஞ்சு மொழியில் ஓரிரு வரிகள் இருக்கும். அங்கே 'கார்த் து செஜூர் ஆ சொலிசித்தே' (வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்) என்று காணப்பட்டால், இணையத்தில் விசாவைச் செல்லுபடியாக்கும் வேலை இல்லை. வந்த இரண்டு மாதங்களுக்குள் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வதிவிட அட்டையிலிருந்து தற்காலிக விலக்கு உண்டு என்று எழுதப்பட்டிருந்தால் இரண்டுமே தேவையில்லை. விசா முடியும் நாள் வரை இருந்துவிட்டுத் திரும்பலாம். குடியேற்றச் சட்டத் தொகுப்பின் ஆர் 431-16 என்ற பிரிவு குறிக்கப்பட்டிருந்தால் மூன்று மாதக் கெடு பொருந்தும். விசா கிடைத்த மகிழ்ச்சியில் நம்மவர்கள் புகைப்படத்தையும் தேதியையும் பார்க்கிறார்கள். இந்த வரிகளைப் பார்ப்பவர்கள் அரிது. பிரெஞ்சு தெரியாதவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படித்துக்கொள்வது நல்லது.

இக்கெடு தவறிப்போவதற்குச் சோம்பல் காரணம் என்று நான் நினைக்கவில்லை. முன்பு வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் பழைய வழிமுறையே பெரும்பாலும் காரணமாகிறது. 2019 பிப்ரவரி வரை, துணைத் தூதரகம் கொடுத்த தாள் படிவத்தை நிரப்பி ஒஃபி என்னும் குடிவரவு, ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. அவர்கள் நாள் குறித்துக் கடிதம் போட்டு அழைத்து, கடவுச்சீட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். அக்காலத்தில் வந்த மாமாக்களும் அண்ணன்மாரும், 'ஒஃபியிலிருந்து கடிதம் வரும், அதுவரை பேசாமல் இரு' என்று இன்றும் சொல்கிறார்கள். அவர்கள் வந்த காலத்தில் அது சரியான அறிவுரைதான். இன்று பதிவு செய்யாதவரைத் தேடி எந்தக் கடிதமும் வராது. காத்திருக்கும் நாள்கள் அனைத்தும் அந்த மூன்று மாதக் கணக்கிலேயே கழிகின்றன.

பதிவு செய்யாததன் சுமை மூன்று மாதம் முடிவதற்கு முன்பே தெரியத் தொடங்கும். வீட்டு வாடகைக்கு காஃப் என்னும் குடும்ப நல உதவி அமைப்பு தரும் தொகையைக் கேட்கும் மாணவரிடம் விசா செல்லுபடியானதற்கான சான்றைக் கேட்பார்கள். மருத்துவக் காப்பீட்டுக்கான பதிவிலும் வதிவிட அனுமதிக்கான சான்று தேவை. படிப்போடு ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்ய மாணவருக்கு உள்ள உரிமையும் முறையான வதிவிட அனுமதியைச் சார்ந்ததே.

இனி நான் மிகவும் வருந்திக் குறிப்பிட விரும்புவது, இப்பணியை இடைத்தரகர்களிடம் ஒப்படைக்கும் வழக்கத்தைப் பற்றியது. அரசுக்குச் செலுத்தும் வரியைத் தவிர வேறு எந்தக் கட்டணமும் இல்லாத ஒரு பதிவுக்கு, தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு செய்து தருபவர்கள் நம்மவரிடையே இருக்கிறார்கள். பணம் போவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இதில் உண்டு. பதிவின்போது திறக்கப்படும் கணக்கில் தரகர் தம்முடைய மின்னஞ்சல் முகவரியையே கொடுத்துவிடுகிறார். உறுதிச் சான்றும் பிற அறிவிப்புகளும் அவருக்கே போகின்றன. கடவுச்சொல்லும் அவரிடமே தங்குகிறது. திருமணமாகி வந்த பெண்ணொருவரை எனக்குத் தெரியும். ஓராண்டு முடியும் தறுவாயில் அனுமதியைப் புதுப்பிக்க அவர் முனைந்தபோது, தம் பெயரிலுள்ள கணக்குக்குள் அவரால் நுழைய முடியவில்லை. கடவுச்சொல்லை மாற்றக் கேட்டால் அதற்கான இணைப்பு தரகரின் மின்னஞ்சலுக்குச் சென்றது. தரகரின் தொலைபேசி எண்ணோ பயன்பாட்டில் இல்லை. விசாவும் திருமணமும் முறையானவையாக இருந்தும், அவர் பிரெஃபெக்சர் எனப்படும் மாவட்ட அரசு நிர்வாக அலுவலகத்துக்கு அலைந்து தம்மைத் தாமே நிரூபிக்க வேண்டியதாயிற்று.

புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திருமணம் செய்து வருகிற பெண்களுக்குக் கணவரே எல்லாப் பதிவுகளையும் செய்து கொடுப்பது இயல்பு. அதில் தவறொன்றும் இல்லை. ஆயினும் மின்னஞ்சல் முகவரி அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும், கடவுச்சொல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், உறுதிச் சான்றின் ஒரு படி அவர் கையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். வதிவிட உரிமை அவர் பெயரில் இருக்கிறது. அதன் சாவி மட்டும் மற்றவரிடம் இருப்பது, இல்லறம் நன்றாக நடக்கும் வரை ஒரு குறையாகத் தெரியாது. பிணக்கு வரும் நாளில், தாம் சட்டப்படி இருக்கிறோமா இல்லையா என்பதைக்கூட அறிய முடியாத நிலைக்கு ஒரு பெண் தள்ளப்படலாம். பெண்ணைப் பெற்றவர்கள் நகைக்கும் சீருக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியை இதற்கும் காட்டுமாறு வேண்டுகிறேன்.

கணினிப் பழக்கம் இல்லாதவர்கள் தரகரை நாடுவதற்கு, வேறு வழி இல்லை என்று அவர்கள் நம்புவது ஒரு காரணம். வழி இருக்கிறது. பிரெஃபெக்சர்களில் இணைய விண்ணப்பங்களுக்கு உதவும் முனையங்கள் உள்ளன. பிரான்ஸ் செர்விஸ் என்ற பெயரில் நகராட்சிகளிலும் சிற்றூர்களிலும் இயங்கும் மையங்களிலும் அரசு தொடர்பான இணையப் பணிகளுக்கு இலவசமாக உதவி பெறலாம். வதிவிட விண்ணப்பங்களை இணையவழியில் மட்டுமே பெறும்போது, அதைச் செய்ய இயலாதவர்களுக்கு உதவியும், அதுவும் பயனளிக்காவிட்டால் மாற்று வழியும் அரசு தர வேண்டும் என்று பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமான கோன்செய் தேத்தா 2022 சூனில் தீர்ப்பளித்திருக்கிறது. இந்த உதவியைக் கேட்பவர் யாசகம் கேட்கவில்லை. இணையத்தில் தேடும்போது தோன்றும் விளம்பரத் தளங்களிலும் கவனம் தேவை. அரசுத் தளத்தின் முகவரி 'கூவ் டாட் எஃப்ஆர்' (gouv.fr) என்றே முடியும்.

முகவரி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உறவினர் வீட்டில் தங்குபவர், அந்த வீட்டின் அஞ்சல் பெட்டியில் தம் பெயரையும் ஒட்டிவைக்க வேண்டும். ஐந்தாறு மாடிக் கட்டடத்தின் வாசலில் வரிசையாக இருக்கும் பெட்டிகளில் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிவிடும். குடும்ப அடிப்படையில் வந்தவர்களுக்கு இது மேலும் முக்கியம். விசாவைச் செல்லுபடியாக்கிய பிறகே ஒஃபி அவர்களை அழைத்துக் குடியரசு ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறது. மொழி வகுப்புகளும் குடிமைப் பயிற்சியும் அதன் பிறகே தொடங்குகின்றன. 2024 சனவரிச் சட்டத்தின்படி, பல்லாண்டு வதிவிட அட்டைக்கு 2026 சனவரி முதல் ஏ2 எனப்படும் அடிப்படை நிலைப் பிரெஞ்சு தேவைப்படுவதால், அந்த அழைப்பு பிந்துவது மொழி கற்கும் காலத்தைக் குறைத்துவிடும்.

அனுமதியைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை, விசா முடிவதற்கு நான்கு மாதங்கள் முதல் இரண்டு மாதங்கள் வரை உள்ள இடைவெளியில் அளிக்க வேண்டும்.

தாங்கள் ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியிலும், பலர் வந்து சேரும் சனவரித் தொடக்கத்திலும், இச்செய்தியை ஒரு சிறு கட்டத்துக்குள் வெளியிட்டால் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பயன்படும். வெளிநாட்டுக் கல்விக்கு வழிகாட்டும் நிறுவனங்கள் தங்கள் மாணவர்களுக்குக் கொடுக்கும் பட்டியலில் இதைக் கடைசி வரியாகவேனும் சேர்க்க வேண்டும் என்றும் தாங்கள் எழுத வேண்டுகிறேன். மூன்று மாதம் ஏற்கெனவே கடந்துவிட்டவர்கள், யாரும் கேட்கவில்லையே என்று இருந்துவிடாமலும், அவசரப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறாமலும், நுழைவுத் தேதிக்கான சான்றையும் கல்லூரி அல்லது வேலை ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு தங்கள் பகுதியின் பிரெஃபெக்சரை உடனே அணுக வேண்டும். அதற்கு முன் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடமோ, வெளிநாட்டினருக்கு இலவச சட்ட ஆலோசனை தரும் சங்கம் ஒன்றிலோ கலந்து பேசுவது நலம்.

இப்படிக்கு,
பிரான்சில் வாழும் தங்கள் வாசகர்