செயலாளர் ஆண்டறிக்கை: முதலில் மதகு திறக்கட்டும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சங்கத்தின் கண்காணிப்பில் உள்ள சிறு அணைகளின் நிலையை இந்தப் பேரவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

நம்மிடம் உள்ளவை எல்லாம் மண்ணணைகள். உயரம் 15 மீட்டருக்குள், வயது அரை நூற்றாண்டுக்கு மேல். பெரும்பாலானவற்றுக்கு மூல வரைபடம் கிடையாது. மழைக்கு முன் ஒரு சுற்று, நீர் நிரம்பி நிற்கும்போது இன்னொரு சுற்று என்று இருமுறை பார்வையிட்டோம். முதல் சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். வற்றிய அணையில் கசிவு தெரியாது; கசிவைப் பார்க்காத பார்வையீட்டுக்குப் பொருளும் இல்லை.

இந்த ஆண்டு கண்ட குறைகளில் முதலிடம் அடிமதகுக்கு, அதாவது அணையின் அடிமட்டத்திலிருந்து நீரைத் திறந்துவிடும் வாயிலுக்கு. பல இடங்களில் ஷட்டரை ஆண்டுக்கணக்கில் யாரும் அசைக்கவில்லை. ஷட்டரைத் தூக்கும் தண்டில் துரு, ஷட்டர் முன்னால் வண்டல். மழை பெய்தால் உபரி நீர் கலங்கல் (அணை நிரம்பினால் நீர் தானாக வழியும் இடம்) வழியாகப் போய்விடுகிறது, மதகு எதற்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கரையில் வெடிப்பு, சரிவு, கலங்கிய கசிவு என எது வந்தாலும் முதல் வேலை நீர்மட்டத்தை இறக்குவதுதான். அதற்கு வழி மதகு ஒன்றே. அது திறக்காத அணையில் மற்ற எந்தக் குறையையும் வேடிக்கைதான் பார்க்க முடியும்.

இறுகிய ஷட்டரைத் திறக்கும் முறையை மறுபடி சொல்லவேண்டியிருக்கிறது. தண்டைத் திருகும் சக்கரத்தில் நீளக் குழாயைச் செருகி நாலு பேர் தொங்கினால் தண்டு வளையும், அல்லது ஷட்டர் பாதியில் நின்று மறுபடி மூடாது. நீர் குறைந்த மாதத்தில், முன்னால் உள்ள வண்டலை முதலில் அகற்றவேண்டும். தண்டின் மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். பிறகு கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று இளக்கவேண்டும். திறந்த ஷட்டர் மூடாமல் போனால் நீரை எப்படி நிறுத்துவது என்பதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கையை வைக்கவேண்டும். இளகியபின் கிரீஸ் தடவி, முழுதாகத் திறக்க எத்தனை சுற்று என்று பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த முறை மூடும்போது சுற்று குறைந்தால் அடியில் கல்லோ கட்டையோ சிக்கியிருக்கிறது என்று பொருள்.

மதகு திறந்துவிட்டதே என்று ஒரே நாளில் அணையை வடிக்கவும் கூடாது. அணையில் நீர் இறங்கிய வேகத்துக்குக் கரைக்குள் ஊறிய நீர் வடியாது. கரையைத் தாங்கி நின்ற அணை நீரும் போய்விட, நீர்ப்பக்கச் சரிவு அப்படியே வழுக்கி விழும். அவசரம் இல்லாத நேரத்தில் நாளுக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள்.

மதகு நீரைக் கரைக்கு அடியில் வெளியே கொண்டுபோகும் மதகுக் குழாய் இன்னொரு கவலை. குழாயின் அடிவயிற்றுப் பக்கம் மண்ணைச் சரியாக இறுக்க முடியாது என்பதால் நீர் குழாயை ஒட்டியே வழி தேடும். அதைத் தடுக்க அந்தக் காலத்தில் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையம் வைத்தார்கள். அந்த வளையத்தின் ஓரமும் மண் இறுகாத இடமாகவே ஆனது. இப்போது வெளிப்பக்கத்தில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி அமைப்பதே வழக்கம். குழாய் வாயில் நீர் உள்ளிருந்து வருகிறதா, வெளிவிளிம்பைச் சுற்றி வருகிறதா என்று ஷட்டரை மூடிவிட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் கொலராடோவில் 1903-இல் கட்டிய லான் லேக் அணை 1982 ஜூலையில் உடைந்தது. குழாயும் வால்வும் சேரும் இடத்தில் அடைத்திருந்த ஈயம் கெட்டு, அங்கே கசிந்த நீர் கரையை உள்ளிருந்து அரித்தது. சுமார் 8 மீட்டர் உயர அணைதான். மூன்று பேர் இறந்தார்கள்.

கசிவு அளக்க அடிவாரத்தில் 90 பாகை முக்கோண வெட்டுத் தகடு வைத்திருக்கிறோம். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர் 5 சென்டிமீட்டர் உயர்ந்து வழிந்தால் விநாடிக்கு முக்கால் லிட்டர். 10 சென்டிமீட்டர் என்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் நீர் ஐந்தரை மடங்குக்கு மேல். ஆகவே "கொஞ்சம் கூடியிருக்கு" என்று பதிவேட்டில் எழுதாதீர்கள்; உயரத்தையும் அன்றைய அணை மட்டத்தையும் எழுதுங்கள். தெளிந்து வரும் கசிவு பெரும்பாலும் பொறுக்கக்கூடியது. கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்து அடியில் மண் தங்கினால் அன்றைக்கே தகவல் தரவேண்டும்.

அடிவாரத்தில் மணல் கொப்பளித்தால் களிமண்ணோ சிமெண்டோ போட்டு அடைப்பது பெருந்தவறு. நீர் பக்கத்தில் வேறு கண் திறக்கும். மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி உள்ளே நீரைத் தேக்குங்கள். மண் வருவது நிற்கும் உயரம் வந்ததும் போதும், நீர் வழியட்டும். நிரந்தரத் தீர்வாக முதலில் பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, மேலே கல்.

மரங்களைப் பற்றிச் சென்ற ஆண்டே சொன்னோம். கரையில் நின்ற பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டால், சில ஆண்டுகளில் வேர் மக்கி அந்த இடம் குழாயாகிவிடும். நீரை இறக்கி, அடிக்கட்டையோடு தோண்டி, 15 சென்டிமீட்டர் படையாக மண் போட்டு இடிக்கவேண்டும். எலி வளைகளையும் இப்படியே தோண்டி நிரப்பவேண்டும்.

கலங்கலில் பலகை வைத்து நீரைக் கூட்டிப் பிடிப்பது இந்த ஆண்டும் நடந்தது. கணக்கை நேராகச் சொல்கிறேன். 10 மீட்டர் அகலக் கலங்கலில் 1 மீட்டர் உயரம் நீர் போனால் விநாடிக்கு ஏறக்குறைய 17 கனமீட்டர். 30 சென்டிமீட்டர் பலகை வைத்தால் அதே அணை மட்டத்தில் போவது 10 கனமீட்டர். மிச்சம் 7 கனமீட்டரும் கரை மேல் ஏறத் தொடங்கும், அதுவும் வண்டி போய்ப் போய்த் தாழ்ந்த இடத்தில். பாசன நீர் வேண்டும் என்ற உறுப்பினர்களின் தேவை நியாயமானது. அதற்கு வழி பலகை அல்ல, தூர் எடுப்பது. கலங்கல் தளத்தைத் தட்டியும் பாருங்கள். வெற்றொலி கேட்டால் அடியில் மண் போயிருக்கிறது. இங்கிலாந்தின் டாட்புரூக் அணையில் 2019 ஆகஸ்டில் கலங்கலின் கான்கிரீட் பலகங்கள்தான் பெயர்ந்தன. கீழே இருந்த ஊரிலிருந்து சுமார் 1,500 பேரை வெளியேற்றவேண்டி வந்தது.

அணை அப்படியே இருந்தாலும் அதன் கீழே வீடுகள் கூடினால் ஆபத்து கூடுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற ஊரில் 1977 நவம்பர் 6 அதிகாலையில் உடைந்த கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 12 மீட்டர்தான். அடியில் கல்லூரி வளாகம் இருந்தது, 39 பேர் இறந்தார்கள். ஆகவே கீழ்ப்பகுதி வீடுகளின் பட்டியலையும், இரவில் யார் யாரை எழுப்புவது என்ற வரிசையையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கக் கோருகிறேன். இந்த ஆண்டு அது பாதியில் நிற்கிறது. அந்தப் பொறுப்பு என்னுடையது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானம்: மழைக்கு முன் எல்லா மதகுகளும் முழுதாகத் திறந்து மூடப்படவேண்டும், சுற்று எண்ணிக்கை பதிவாகவேண்டும், சக்கரச் சாவி ஒன்று அணைக் காவலரிடமும் மற்றொன்று சங்க அலுவலகத்திலும் இருக்கவேண்டும். மதகு திறக்காத அணையில் அந்த ஆண்டு வேறு எந்தச் செலவுக்கும் ஒப்புதல் தரக்கூடாது. பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்