கூப்பர்ஸ்டவுன் சுவரில் இல்லாத மூன்று பெயர்கள்

கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் உங்கள் அரங்கின் வெண்கலப் பட்டயங்களில் ஒரே ஒரு பெண்ணின் முகம்தான் இருக்கிறது. கறுப்பினத்தவரின் பேஸ்பால் வரலாற்றிலிருந்து 2006-ல் சிறப்புக் குழு ஒன்று ஒரே நேரத்தில் 17 பேரைத் தேர்ந்தெடுத்தபோது, நியூவார்க் ஈகிள்ஸ் அணியை நடத்திய எஃபா மேன்லிக்கும் இடம் கிடைத்தது. ஆனால் சம்பளம் வாங்கிக் களத்தில் இறங்கி ஆடிய பெண் ஒருவர்கூட அந்தச் சுவரில் இல்லை.

1943 முதல் 1954 வரை நடந்த அமெரிக்கப் பெண்கள் லீக்கில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் ஆடினார்கள். அவர்களுக்காக 1988-ல் நீங்கள் ஒரு காட்சிக்கூடம் திறந்தது நல்ல செயல். எனினும் அந்த லீக்கில் கறுப்பினப் பெண் ஒருவர்கூடச் சேர்க்கப்படவில்லை. பதினேழு வயது மேமி ஜான்சன் தன் தோழியுடன் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் நடந்த தேர்வுக்குப் போனபோது, ஒரு பந்துகூட வீசவிடாமல் இருவரையும் திருப்பி அனுப்பினார்கள். பின்னர், கறுப்பினத்தவருக்கெனத் தனியாக நடந்த நீக்ரோ லீக்குகளைச் சேர்ந்த இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் என்ற ஆண்கள் அணி அவரைப் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராகச் சேர்த்துக்கொண்டது. வேர்க்கடலை அளவுகூட இல்லையே என்று கேலி செய்த ஆண் வீரரை அவர் ஸ்ட்ரைக்அவுட் செய்ததாக, அதாவது பந்தை அடிக்கவிடாமல் வெளியேற்றியதாகச் சொல்வார்கள். 'பீனட்' (வேர்க்கடலை) என்ற செல்லப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவருக்கு முன்பே, 1953-ல், அதே அணியில் செகண்ட் பேஸ் என்ற தடுப்பாட்ட இடத்தில் நின்றவர் டோனி ஸ்டோன் என்ற பெண். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வீரரான ஹாங்க் ஆரன் முந்தைய ஆண்டு ஆடிய அணி அது. பாவாடை அணிந்து ஆடச் சொன்னபோது ஸ்டோன் மறுத்துவிட்டார். சறுக்கி வரும் ஆண்களின் காலணி ஆணிகள் கிழித்த தழும்புகளை வயதான பிறகும் பெருமையோடு காட்டுவார். அடுத்த ஆண்டு அவர் கேன்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்குப் போக, அந்த இடத்துக்கு ஃபிலடெல்ஃபியாவின் கோனி மார்கன் வந்தார். கூட்டம் சேர்க்கத்தான் இவர்களை எடுத்தார்கள் என்ற வாதத்தை நான் அறிவேன். எடுத்தவரின் நோக்கம் எதுவானாலும், வேகமாக வரும் பந்தை அடித்தது அந்தப் பெண்தானே! கிளவுன்ஸுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஸ்டோன் ஆண்கள் அணிகளில் ஆடி வந்தவர்.

நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக்குகளாக, அதாவது உயர்மட்ட லீக்குகளாக 2020-ல் அறிவித்த மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு, அந்த அங்கீகாரத்தை 1920 முதல் 1948 வரையிலான ஆண்டுகளோடு நிறுத்திக்கொண்டது. இம்மூவரும் ஆடியது அந்தக் கோட்டுக்கு அப்பால். வீரர்கள் பத்துப் பருவங்கள் ஆடியிருக்க வேண்டும் என்ற உங்கள் விதியும் சேர்ந்துகொள்வதால், இவர்களின் பெயர் வாக்கெடுப்பு வரைக்கும்கூட வருவதில்லை. பத்துப் பருவங்கள் ஆட எந்த லீக் இவர்களை விட்டது?

ஆகவே, 2006-ல் அமைத்தது போன்ற ஒரு சிறப்புக் குழுவைப் பெண் ஆட்டக்காரர்களுக்காகவும் அமைத்து, ஆண்டுக் கணக்கு விதியை அவர்களுக்குத் தளர்த்தி, முதல் பரிசீலனையிலேயே இம்மூவரையும் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். ஸ்டோனும் மார்கனும் 1996-ல் காலமானார்கள். நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்க 2008-ல் அடையாளமாக நடந்த ஒரு தேர்வில், 72 வயதில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜான்சனும் 2017 டிசம்பரில் மறைந்துவிட்டார்.

இப்படிக்கு,
பேஸ்பால் வரலாற்றை விரும்பிப் படிக்கும் ஒரு தமிழ் வாசகர்